எருமைக் கன்றுகள் ஏன் சாகின்றன?

எருமை ஈன்ற வீட்டில் முதலில் காதில் விழும் கேள்வி, "கிடேரியா, கடாவா?" என்பதுதான். கிடேரி என்றால் எல்லோர் முகமும் மலர்ந்துவிடும். கடா என்றால், "சரி, எருமை நல்லா கறந்தா போதும்" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். அன்றிலிருந்து அந்தக் கடாக் கன்றுக்குக் கிடைக்கும் பால் குறைகிறது. மூன்று வாரத்தில் மெலிந்து, கழிச்சல் கண்டு, ஒரு விடியற்காலையில் விறைத்துக் கிடக்கிறது. "அதுக்கு அவ்வளவுதான் ஆயுசு" என்று சொல்லிப் புதைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம்.

கால்நடைத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நான் நேரில் பார்த்த எருமைக் கன்றுச் சாவுகளில் பெரும்பாலானவை தடுத்திருக்கக் கூடியவை. அதற்குப் பெரிய செலவும் இல்லை. பிறந்த முதல் இரண்டு மணி நேரத்திலும், அதற்குப் பிறகு வரும் முதல் மாதத்திலும் நாம் செய்கிற, செய்யாமல் விடுகிற சில காரியங்களே கன்று பிழைப்பதையும் சாவதையும் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

கன்று செத்தால் நஷ்டம் யாருக்கு?

நம் பகுதியில் ஒன்றிரண்டு எருமைகளை வைத்து, சொசைட்டிக்கும் டீக்கடைக்கும் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலர் கடன் வாங்கி எருமை பிடித்தவர்கள். நாட்டில் எருமைகள் குறைவில்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் ஏறக்குறைய 10.98 கோடி எருமைகள் இருந்தன. தமிழ்நாட்டில் இருந்தவை ஐந்து லட்சத்துச் சொச்சம்தான். இங்கே எருமை குறைந்துகொண்டே வருகிறது. வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கி வருவதைவிட, வீட்டில் பிறக்கும் கிடேரியைக் காப்பாற்றுவது மலிவு.

ஆனால் கிடேரி கன்று பருவத்துக்கு வந்து முதல் ஈற்று ஈன மூன்றரை முதல் நான்கு ஆண்டு ஆகும். அவ்வளவு தூரம் யோசிக்க நேரமில்லாதவர்களுக்கு நாளைய கணக்கையே சொல்கிறேன்.

எருமையின் மடியில், காம்புக்கு மேலே உள்ள அறையில் தயாராக நிற்கும் பால் நூற்றுக்கு ஐந்து பங்கு போலத்தான். மீதி எல்லாம் மேலே சுரப்புத் திசுக்களுக்குள் இருக்கிறது. கன்று வந்து முட்டிச் சப்பினால்தான் எருமையின் உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற நீர் ஊறி, அந்தப் பால் இறங்கும். பசு கன்று இல்லாமலும் பழகிக்கொள்ளும். எருமை அவ்வளவு சுலபத்தில் பழகாது. கன்று செத்த மறுநாள் எருமை கத்திக்கொண்டே நிற்கும், பாலை அடக்கிக்கொள்ளும். சில எருமைகள் ஒரே வாரத்தில் பாதிப் பாலுக்கு இறங்கிவிடும். சில வற்றியே போகும்.

அப்போதுதான் யாராவது வந்து, "ஒரு ஊசி போட்டா பால் தானா எறங்கும்" என்பார்கள். கடைகளில் மறைவாக விற்கும் அந்த ஆக்ஸிடோசின் ஊசியை மருத்துவர் சொல்லாமல் பாலுக்காகப் போடுவது சட்டப்படி குற்றம். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பாலைக் கூட்டுவதற்காகக் கறவை மாட்டுக்கு ஊசி போடுவதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அதோடு அந்த மாட்டையே அரசு எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. எருமைக்கும் தினம் தினம் ஊசி வேதனைதான். செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து எருமை முன்னால் வைப்பதும் உண்டு. நாற்றம் பிடித்த அந்தத் தோலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: இந்தப் பாடுபடுவதற்குப் பதில் கன்றுக்கு இரண்டு லிட்டர் பாலை விட்டிருக்கலாமே.

பிறப்பதற்கு முன்னால்

கன்றின் உடல் எடையில் பெரும்பகுதி சினையின் கடைசி இரண்டு மாதத்தில்தான் ஏறுகிறது. அந்த இரண்டு மாதமும் தாயைக் கறக்காமல் விட வேண்டும். "இன்னும் ஒரு லிட்டர் வருது, விட மனசில்லே" என்று ஈனும் வரை கறக்கிறவர்கள், கன்றின் பங்கையும் அடுத்த ஈற்றின் பாலையும் சேர்த்தே கறக்கிறார்கள். பசுவுக்குச் சினைக்காலம் 280 நாள் என்றால் எருமைக்கு ஏறக்குறைய 310 நாள். இந்த ஒரு மாத வித்தியாசம் தெரியாமல் கணக்கைத் தப்பாகப் போடுகிறவர்கள் நிறைய. ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வெறும் வைக்கோலைத் தின்று ஈனும் எருமையின் கன்று சோனியாகப் பிறக்கும். பச்சைத் தீவனமே காணாத தாய்க்கு வைட்டமின் ஏ குறைந்து, கண் தெரியாத கன்று பிறப்பதும் உண்டு. கடைசி இரண்டு மாதம் தினம் ஒன்று முதல் இரண்டு கிலோ அடர்தீவனம், கொஞ்சமாவது பசும்புல் அல்லது அகத்தி, வேலிமசால், அதோடு தாது உப்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது. மாவட்டங்களில் உள்ள அதன் பயிற்சி மையங்களில் கேட்டால் கிடைக்கும்.

ஈனும் நேரத்தில் ஒரு எச்சரிக்கை. எருமைக்கு ஈனமுடியாமல் போவதற்கு முக்கியக் காரணம் கருப்பை முறுக்கிக்கொள்வது. எருமை படுக்கும், எழும், வாலைத் தூக்கும், வயிற்றை உதைக்கும். ஆனால் பல மணி நேரமாகியும் பனிக்குடம் வெளியே வராது. இந்த நிலையில் கையை விட்டு இழுப்பது, நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பது எல்லாம் தாயையும் கொல்லும், கன்றையும் கொல்லும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு மணி நேரம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில், விடியற்காலை பாங்கு சொல்லும் நேரத்துக்கு என்னைக் கூப்பிட வந்தார் ஒரு சகோதரி. கணவர் இல்லாதவர், ஒரே எருமை, இரண்டு பிள்ளைகள். ராத்திரி ஒன்பது மணிக்கு எருமை ஈன்றிருக்கிறது. நல்ல கிடேரி கன்று. நான் போனபோது கன்று ஈரச் சாக்கில் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தது.

"சீம்பால் குடிச்சுதாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை தம்பி. நஞ்சு இன்னும் விழலை. நஞ்சு விழாம கன்னுக்குப் பால் விட்டா ஆகாதுன்னு எங்க மாமியா சொல்லியிருக்காங்க. அதான் கட்டி வச்சிருக்கேன்."

எட்டு மணி நேரம். பக்கத்திலேயே மடி புடைத்து நின்ற தாய், வெறும் வயிற்றோடு கிடந்த கன்று. எங்களால் முடிந்ததைச் செய்தோம். நான்காவது நாள் வெள்ளைக் கழிச்சல் கண்டு அந்தக் கன்று போய்விட்டது. அந்தச் சகோதரி செய்தது அலட்சியத்தால் இல்லை. பெரியவர்கள் சொன்னதை மதித்துத்தான் செய்தார். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி தாயின் வயிற்றிலேயே, ரத்தத்தின் வழியாகக் கிடைத்துவிடுகிறது. எருமைக்கு அப்படி இல்லை. எருமையின் நஞ்சுக்கொடி அந்த எதிர்ப்புப் பொருள்களைக் கன்றின் ரத்தத்துக்குள் விடாது. ஆகவே கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கிறது. அது பிறந்து விழும் கொட்டகையிலோ எல்லாக் கிருமியும் இருக்கிறது. பாதுகாப்பு முழுவதையும் எருமை சீம்பாலில் வைத்திருக்கிறது.

இதில் நேரம் எங்கே வருகிறது? பிறந்த கன்றின் குடல், சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள்களை அப்படியே ரத்தத்துக்குள் விடும். ஆனால் அந்த வாசல் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மெல்ல மூடத் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய மூடிவிடும். மறுநாள் எத்தனை லிட்டர் சீம்பால் கொடுத்தாலும் அது வயிற்றுக்கு உணவாகும். ரத்தத்தில் காவலாகாது.

நஞ்சு விழும் வரை காத்திருக்க வேண்டும் என்பது தலைகீழான பழக்கம். கன்று சப்பும்போது ஊறும் அதே ஆக்ஸிடோசின்தான் கருப்பையைச் சுருங்க வைத்து நஞ்சையும் தள்ளுகிறது. கன்றை விட்டால் நஞ்சு சீக்கிரம் விழும், கட்டி வைத்தால்தான் தாமதமாகும். நஞ்சு விழ எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அதில் கல்லைக் கட்டித் தொங்கவிடவோ பிடித்து இழுக்கவோ வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கன்று வெளியே வந்ததும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துணியால் துடையுங்கள். மூச்சு வரவில்லையென்றால் மூக்குத் துவாரத்தில் ஒரு வைக்கோல் தாளால் குத்திப் பாருங்கள், தும்மும். பிறகு தாயிடம் விடுங்கள், நக்கட்டும். தலை ஈற்று எருமை சில சமயம் கன்றை அண்டவிடாது. கன்றின் முதுகில் கொஞ்சம் தவிடும் உப்பும் தூவினால் நக்க ஆரம்பித்துவிடும்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, சுத்தமான நூலால் கட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கத்தரியால் வெட்டி, டிங்சர் அயோடினில் முக்கி எடுங்கள். தொட்டு வைத்தால் போதாது, ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி முழுக்க முக்க வேண்டும். காயும் வரை இரண்டு மூன்று நாள் இதைச் செய்யலாம். சாணியும் சாம்பலும் பூசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜன்னி வருவதற்கும், தொப்புள் வழியாகக் கிருமி ஏறி முழங்கால் வீங்கி நொண்டுவதற்கும் அதுவே வழி.

அடுத்தது சீம்பால். மடியையும் காம்பையும் வெந்நீரில் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீய்ச்சு வெளியே விட்டுவிட்டுக் கன்றைக் காட்டுங்கள். முப்பது கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மொத்தம் மூன்று லிட்டர். கன்று மடிக்கடியில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எருமைக் காம்பு தடித்தது, சோனிக் கன்றின் வாய்க்குள் அடங்காமல் வழுக்கிவிடும். சந்தேகமிருந்தால் கறந்து, நிப்பிள் பாட்டிலில் கொடுங்கள்.

சீம்பாலைப் பக்கத்து வீடுகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தனுப்புவது நம்மிடம் உள்ள நல்ல பழக்கம். சீனியும் ஏலக்காயும் போட்டு அவித்தெடுத்தால் பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்பார்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் கறவையில் மட்டும் கை வைக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி மிகுந்தது அதுதான். நல்ல எருமைக்குக் கன்றின் தேவை போக மிச்சம் நிறையவே இருக்கும். அடுத்தடுத்த கறவையிலிருந்து பங்கு போடுங்கள்.

தாய் செத்துவிட்டால், அல்லது மடி நோய் கண்டால், அன்று ஈன்ற வேறொரு எருமையின் சீம்பாலைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால். அக்கம்பக்கத்தில் யாராவது ஃப்ரீசரில் சீம்பாலை உறையவைத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் காய்ச்சினால் எதிர்ப்புப் பொருள் கெட்டுவிடும்.

பாலோடு வரும் புழு

நன்றாகச் சீம்பால் குடித்த கன்றும் மூன்றாவது வாரத்தில் திடீரென்று மெலிவதைப் பார்த்திருப்பீர்கள். சாணம் களிமண் நிறத்தில், பசை போல, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு போகும். வயிறு மட்டும் பானையாக உப்பும். மயிர் சிலிர்த்து நிற்கும். மூச்சில் ஒரு புளித்த வாடை அடிக்கும். இது எருமைக் கன்றுகளைக் கொல்லும் பெரிய உருண்டைப் புழு. டாக்சோகாரா விட்டுலோரம் என்று பெயர். பெண் புழு ஒரு அடி நீளம் வரை வளரும்.

இந்தப் புழு வருகிற வழிதான் விசித்திரம். "கன்னு இன்னும் மண்ணே திங்கலையே, புழு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்பார்கள். தாயிடமிருந்து. தாய் எப்போதோ விழுங்கிய முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழுக்கள் அவள் உடம்பின் சதைக்குள் அடங்கிக் கிடக்கும். தாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஈனும் சமயத்தில் அவை விழித்துக்கொண்டு மடிக்கு வந்து, பாலோடு கன்றின் வயிற்றுக்குள் போய்விடும். மூன்றே வாரத்தில் முட்டையிடும் புழுவாகிவிடும். கன்றின் சாணத்தில் விழும் முட்டைகள் கொட்டகை மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, தாயின் தீவனத்தில் ஒட்டி, அடுத்த ஈற்றுக் கன்றுக்குத் தயாராகும்.

இதற்காகச் சீம்பாலை நிறுத்திவிடாதீர்கள். புழுவுக்கு மருந்து உண்டு, சீம்பாலுக்கு மாற்று இல்லை. இலங்கையில் எருமைக் கன்றுகளிடம் நடந்த ஆய்வுகள் ஒரு நல்ல வழியைக் காட்டின. பிறந்த 10 நாளுக்கு மேல் 16 நாளுக்குள் ஒரே ஒரு தடவை பைரன்டெல் போன்ற புழு மருந்தைக் கொடுத்துவிட்டால், முட்டையிடும் பருவத்துக்கு வருவதற்கு முன்பே புழு ஒழிந்துவிடும். இங்கே பைப்பரசின், ஃபென்பென்டசோல், அல்பென்டசோல் ஆகியவையும் பயன்படுகின்றன. எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதைக் கன்றின் எடையைச் சொல்லி மாட்டு ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். முதல் தடவைக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுப்பது வழக்கம்.

வயிறு பானையாகும் வரை காத்திருந்து கொடுத்தால் வேறு ஆபத்து இருக்கிறது. செத்த புழுக்கள் கயிறு போலத் திரண்டு குடலை அடைத்துக்கொள்ளலாம். "மருந்து கொடுத்துத்தான் கன்னு செத்துச்சு" என்ற பேச்சு நம் ஊரில் அடிபடுவது இதனால்தான். மருந்து தப்பில்லை, நாள்தான் தப்பு.

கழிச்சல் கண்டால்

முதல் வாரத்தில் வரும் வெள்ளைக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஈ.கோலை என்ற கிருமி காரணம். இரண்டாம் வாரத்தில் ரோட்டா வைரஸ் போன்றவை. மூன்று வாரத்துக்கு மேல் சாணத்தில் ரத்தமும் சளியும் வந்தால் ரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம். பெயர் எதுவானாலும் கன்றைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். உடனே படிந்தால் பயமில்லை. மடிப்பு அப்படியே நின்றால், கண் குழிக்குள் போயிருந்தால், நேரம் குறைவு.

நாம் செய்யும் முதல் தப்பு, பாலை நிறுத்துவது. பால் கொடுத்தால் கழிச்சல் கூடும் என்று பயந்து இரண்டு நாள் பட்டினி போடுவோம். ஏற்கெனவே மெலிந்த கன்று அதிலேயே போய்விடும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அதிகத் தடவை கொடுங்கள். இரண்டு பால் வேளைகளுக்கு நடுவில் உப்புக் கரைசல் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்கு வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே போதும். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர். முப்பது கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை, பல தடவையாக. பாலில் கலந்து கொடுக்க வேண்டாம், தனியாகக் கொடுங்கள்.

சப்ப மறுத்தால், எழ முடியாமல் படுத்துவிட்டால், ரத்தம் போனால், உடம்பு சில்லிட்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். அப்போது ரத்தக் குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினால்தான் பிழைக்கும். மனிதருக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் வேண்டாம்.

மழையும் கொட்டகையும்

எருமைகள் ஆடி முதல் மார்கழி வரையிலான மாதங்களில்தான் அதிகம் ஈனும். நமக்கு அதில் பாதி மழைக்காலம். ஈரத் தரை, ஒழுகும் கூரை, மூத்திர நெடி, இரவுக் குளிர். கன்றுக்கு இருமல், மூக்கில் சளி, வேகமான மூச்சு என்று தொடங்கி நிமோனியாவில் முடியும்.

பெரிய கொட்டகை வேண்டியதில்லை. கன்றைக் கட்டும் இடம் ஒரு சாண் உயரமாக இருக்கட்டும். காய்ந்த வைக்கோலோ கரும்புச் சோகையோ பரப்பித் தினமும் மாற்றுங்கள். நீங்கள் அதில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்து எழுந்தால் துணி நனையக்கூடாது. இதுவே சோதனை. காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் ஒரு சாக்குப் படுதா போதும். நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் மூத்திர நெடியே நுரையீரலைக் கெடுக்கும்.

மூங்கில் குழாயில் மருந்தோ கஞ்சியோ புகட்டும்போது தலையை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவார்கள். நாக்கைப் பிடித்தால் விழுங்க முடியாது, நுரையீரலுக்குள் போய்விடும். அப்படிச் செத்த கன்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தாடை தோளுக்கு மேலே போகாத அளவுக்குத் தலையைத் தூக்கி, வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இருமினால் உடனே தலையைக் கீழே விட்டுவிடுங்கள்.

தடுப்பூசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோமாரிக்கு நான்காவது மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கோமாரி பெரிய மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண்ணோடு போய்விடலாம். குட்டிக் கன்றுக்கு அது இருதயத்தைத் தாக்கும், வாய்ப்புண்கூடத் தெரியாமல் திடீரென்று விழுந்து சாகும். தொண்டை அடைப்பானுக்கு ஆறாவது மாதத்தில், பிறகு வருடத்துக்கு ஒரு முறை மழைக்கு முன்னால். இந்த நோய் பசுவைவிட எருமையைத்தான் அதிகம் கொல்லும். கிடேரிக் கன்றுக்கு மட்டும் கன்று வீச்சு நோய்க்கான ஊசி, நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் ஒரே தடவை. கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஊசி இலவசம். முகாம் அறிவிப்பு வரும்போது, "கன்னு சின்னதா இருக்கே" என்று வீட்டில் கட்டிவிட்டு வராதீர்கள்.

கடாக் கன்றின் பங்கு

மறுபடி அந்தக் கேள்விக்கு வருகிறேன். இதுவரை சொன்ன எல்லா நோயும் கிடேரிக்கும் கடாவுக்கும் ஒன்றுபோலத்தான் வரும். ஆனால் சாவது கடாதான் அதிகம். காரணம் கிருமி இல்லை, பட்டினி. பால் இறங்க இரண்டு சப்பு சப்பவிட்டு இழுத்துக் கட்டிவிடுகிறோம். கடைசியில் மடியில் ஒட்டியிருப்பதை நக்கவிடுகிறோம். கிடேரிக்கு ஒரு காம்பு விடுகிற வீட்டிலும் கடாவுக்கு அரைக் காம்புதான். பசித்த கன்று மண்ணை நக்கும், சாணம் ஒட்டிய கயிற்றைச் சப்பும். கழிச்சல் வரும். அப்புறம் நோய்மேல் பழி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், அதாவது முப்பது கிலோ கன்றுக்குத் தினம் மூன்று லிட்டர், முதல் மாதத்துக்கு 90 லிட்டர். இரண்டாவது வாரத்திலிருந்தே கன்றுத் தீவனமும் நல்ல புல்லும் குடிநீரும் முன்னால் வைத்தால், இரண்டாம் மாதம் இரண்டரை லிட்டர், மூன்றாம் மாதம் ஒரு லிட்டர் என்று இறக்கிவிடலாம். மூன்று மாதத்துக்கும் சேர்த்து 200 லிட்டருக்குள் அடங்கும். நல்ல முர்ரா எருமை பத்து மாதத்தில் 1,800 முதல் 2,000 லிட்டர் வரை கறக்கும். பத்தில் ஒரு பங்கைக் கன்றுக்கு விட்டால் மீதி ஒன்பது பங்கும் ஒழுங்காக இறங்கும். அந்த ஒரு பங்கையும் சேர்த்துக் கறக்கப் பார்த்தால், கன்று செத்து, மூன்றாவது மாதத்திலேயே எருமை பாலை அடக்கிக்கொள்ளும்.

கடாவைக் கடைசிவரை வைத்திருப்பதா, வளர்த்து விற்பதா என்பது அவரவர் வீட்டுச் சௌகரியம். ஆனால் கொட்டகையில் இருக்கும்வரை அதன் பாலை அளந்து கொடுங்கள். கண்ணளவு வேண்டாம், பாத்திரத்தில் அளங்கள். நன்றாகக் குடிக்கும் கன்று நாளுக்கு 400 கிராமாவது எடை கூடும். பத்து நாளுக்கு ஒரு தடவை, மார்பைச் சுற்றி ஒரே கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வந்தால், வளர்கிறதா நிற்கிறதா என்பது கயிற்றிலேயே தெரியும். முடிச்சு நகரவில்லையென்றால் பாலைப் பாருங்கள், பிறகு புழுவைப் பாருங்கள்.

கன்று பிறப்பதற்கு முன்பே ஒரு பையில் டிங்சர் அயோடின், சுத்தமான நூல், கத்தரி, நிப்பிள் பாட்டில், நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இரண்டு காய்ந்த சாக்கு எடுத்து வையுங்கள். ராத்திரி ஈன்றால் கடை திறந்திருக்காது. நடமாடும் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். பேசும்போது "கன்னுக்கு முடியலை" என்று மட்டும் சொல்லாமல், பிறந்து எத்தனை நாள், சீம்பால் எத்தனை மணிக்குக் குடித்தது, சாணம் என்ன நிறம், நிற்கிறதா படுத்துவிட்டதா என்ற நான்கையும் சொல்லுங்கள். வருகிறவர் அதற்கேற்ற மருந்தோடு வருவார்.